அண்டைப் பட்டியல்

காலை ஐந்தே முக்காலுக்குக்
கம்பத்திலிருந்து மேட்டுக்கு ஏறுகிறது சிக்கந்தரின் ஜீப்.
ஏழு பேர் உட்காரலாம் என்கிறது ஆர்.சி. புத்தகம்.
பதினாறு பெண்கள், பதினாறு தூக்குவாளிகள்,
முன்சீட்டில்
நான்கு போன்களும் ஒரு லேப்டாப்புமாய் நான்.
கம்பெனி கார் கிளட்ச் போய்க் கூடலூரில் கிடக்கிறது.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள்:
அழைப்பு எங்கே அறுகிறது என்று பார்த்துக்கொண்டே போவது.
அறுந்தால் சிவப்புப் புள்ளி, அறாவிட்டால் பச்சை.
சாலை முழுக்கப் புள்ளி வைத்துப் போகிறேன்,
கோடு இழுக்கத் தெரியாதவன் கோலம்போல.

பின்னால் ஒச்சம்மாள் வீடியோ காலில்.
கம்பம் பெரியாஸ்பத்திரியில்
தங்கச்சிக்கு நேற்று ராத்திரி பெண்பிள்ளை.
"மூஞ்சியக் காட்டுடி.
சீலைய ஏன் காட்டுற?"
ஜீப்பே குனிந்து பார்க்கிறது.

குரலும் படமும் ஒன்றாகக் கிளம்பினாலும்
ஒரே வண்டியில் வருவதில்லை.
குரல் ஆம்புலன்ஸ் மாதிரி, வழி விடுவார்கள்.
படம் ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரி,
ஒவ்வொரு செக்போஸ்டிலும் நின்றுதான் வரும்.
அதிலும் ஒச்சம்மாளுடையது எஸ்டேட்டில் கொடுத்த கேரள சிம்.
ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மதுரை, சென்னை,
எந்த ஊர்க் கணக்கு என்று விசாரித்து எர்ணாகுளம்,
அங்கே முத்திரை வாங்கித் திரும்பவும் இந்த மலை.
காக்காய் பறந்தால் பதினொரு கிலோமீட்டர்.
பிறந்து ஒன்பது மணி நேரமான முகம்
ஆயிரத்து நானூறு சுற்றி வருகிறது.

கடைசிக் கொண்டை ஊசி.
தமிழ்ப் பலகை முடிந்து மலையாளப் பலகை தொடங்குமுன்
யாருடைய பலகையும் இல்லாத நூறு அடி.
பிள்ளையின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது.
அழுகை மட்டும் இரண்டு நொடி கூடுதலாக வந்தது.
பிறகு அதுவும் இல்லை.
கேரளம் வரவேற்கிறது என்று
பதினைந்து போன்கள் சேர்ந்து சிணுங்கின.
ஒச்சம்மாளுடையது சும்மா இருந்தது,
அதற்கு இது சொந்த ஊர்.

சிவப்புப் புள்ளி.

"தெனம் இந்த எடந்தான்" என்றாள்,
வேகத்தடையைச் சொல்வதுபோல.
"எங்க வீட்ல சாவுன்னு போன் வந்தப்பவும்
இங்கதான் அந்து போச்சு.
யாரு செத்ததுன்னு தெரியாமயே
சாயங்காலம் வரைக்கும் களை எடுத்தேன்."

கோபுரத்தின் கோப்பைத் திறந்தேன்.
ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஓர் அண்டைப் பட்டியல் உண்டு,
போன் நகர்ந்தால் யார் கையில் ஒப்படைப்பது என்று.
எங்களுடையது கண்ணுக்கெட்டாத தேவாரத்தை எழுதி வைத்திருக்கிறது.
எதிரே கல்லெறி தூரத்தில்
ராத்திரியெல்லாம் சிவப்பு விளக்கோடு நிற்கும்
மேட்டுக் கோபுரத்தை எழுதவில்லை.
ஒரே கம்பெனி, ஒரே பெயின்ட். வட்டம் வேறு.
அவர்கள் பட்டியலிலும் நாங்கள் இல்லை, பார்த்துவிட்டேன்.

டீக்கடையில் நின்று
எர்ணாகுளத்து லிஜி வர்கீஸை அழைத்தேன்.
"அது பார்டர் அல்லே?
ரெண்டு வட்டமும் கையெழுத்துப் போடணும்."
"ஒரே ஒரு வரிதானே, லிஜி."
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
வரி என்றால் இந்த மேட்டில் வேறு அர்த்தமும் உண்டு.

பத்தொன்பது நாள் கழித்து லிஜி
தன் பக்கத்து வரியை எழுதிவிட்டாள்,
சோதனைக்கு என்று, யாரையும் கேட்காமல்.
இப்போது மாலையில் ஜீப் இறங்கும்போது
அழைப்பு அறுவதில்லை.
காலையில் ஏறும்போது அறுகிறது.

ஒச்சம்மாளிடம் சொன்னேன்.
"பரவால்ல, பிள்ள முழிச்சிருக்கறதே
சாயங்காலந்தான்" என்றாள்.

ஏறுகிற வழி
சென்னையில் ஒரு மேசைமேல் இருக்கிறது.